ஏழை வீட்டு நாய்க்கு மருத்துவர் யார்?

"கால்நடை மருத்துவர்" என்னும் தொடரை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். நாய்க்கு நோய் கண்டாலும் பூனைக்கு நோய் கண்டாலும் அவரிடமே செல்கிறோம். ஆயினும் தமிழ் வழக்கில் கால்நடை என்பது ஆடு மாடுகளையே குறிக்கும். நாயும் பூனையும் கால்நடை ஆகா. கூண்டுக்கிளியோ எவ்வாற்றானும் ஆகாது. சொல்லாட்சியில் கண்டிப்புள்ள தமிழாசிரியர் ஒருவர் இதனைப் பிழையென்று சுழித்துவிடக் கூடும். சுழிக்க வேண்டா என்பது என் கருத்து. அத்தொடருக்குள் ஒரு தொழிலின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. விலங்கு மருத்துவம் விலையுள்ள விலங்குக்காகவே தோன்றியது. விலையற்ற விலங்கு நெடுங்காலம் கழித்தே அதன் வாயிலில் வந்து நின்றது. அது வந்து நின்ற நாள் முதலாக, "இதற்குப் பணம் கொடுப்பவர் யார்?" என்னும் வினாவும் உடன் வந்து நிற்கிறது.

செல்லப்பிராணிகளுக்கு ஆகும் மருத்துவச் செலவு தாங்க முடியவில்லை என்னும் முறையீடு இன்று கோலாலம்பூரிலும் கேட்கிறது, சிங்கப்பூரிலும் கேட்கிறது, இலண்டனிலும் கேட்கிறது. இதனைப் புதுக்காலத்து நோய் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. இதே வினா நூறாண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தில் தெருவிலும் பாராளுமன்றத்திலும் வழக்காடப்பட்டது. அவ்வழக்கின் கதையையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

முதலில் தொழிலின் தோற்றத்தைக் காண்போம். நம் முன்னோர் மாட்டு வாகடம் எழுதி வைத்தனர். குதிரைக்கு அசுவ சாத்திரம் எழுதி வைத்தனர். குதிரை நூலை நகுலன் பெயராலும் பசு நூலைச் சகாதேவன் பெயராலும் வழங்கும் மரபு பாரதத்தோடு ஒட்டியது. ஏர் உழுதது மாடு. போருக்குச் சென்றது குதிரை. அவ்விரண்டும் நோயுற்றால் வீடும் நாடும் நலியும். ஆகவே அவற்றுக்கு நூல் பிறந்தது. ஐரோப்பாவிலும் கதை வேறன்று. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லியோன் நகரில் கிளாடு பூர்ழெலா என்பவரால் நிறுவப்பட்டது. அவர் குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். மாடுகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்று குவித்த வெக்கை நோய்க்கு அஞ்சியே பிரெஞ்சு அரசாங்கம் அவருக்குக் கைகொடுத்தது.

இங்கிலாந்துக்கு இக்கலை வந்த வகை இன்னும் சுவையானது. எக்லிப்ஸ் என்பது பந்தயத்தில் தோல்வியே காணாத குதிரை. அது 1789இல் இறந்தபோது அதன் உடலை அறுத்து அளந்து ஆராய்ந்தவர் செயின்பெல் என்னும் பிரெஞ்சுக்காரர். அப்புகழே அவரை 1791இல் இலண்டனில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதற் பேராசிரியராக ஆக்கியது. அவருக்குப் பின் வந்த எட்வர்டு கோல்மன் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் அக்கல்லூரியை ஆண்டார். அவர் காலத்தில் கல்லூரியின் சிந்தை முழுவதும் குதிரையைச் சுற்றியே நின்றது. படைக்குக் குதிரை வேண்டும். வண்டிக்குக் குதிரை வேண்டும். மருத்துவர் கட்டணத்தைக் குதிரையின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்குத் தீர்ந்துவிடும். நாற்பது பொன் பெறும் குதிரைக்கு இரண்டு பொன் செலவு செய்யலாமா என்றால், செய்யலாம். ஒன்றுமே பெறாத நாய்க்கு எவ்வளவு செலவு செய்யலாம்? இக்கேள்விக்கு அந்தக் கணக்கில் விடையில்லை.

நாய் மருத்துவத்தை ஆங்கில நாட்டில் முதன்முதல் முறையாக எழுதியவர் டெலபேர் பிளேன் என்பவர். நாய் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1817இல் வெளிவந்தது. அவருடைய கூட்டாளியான வில்லியம் யூவாட்டும் இத்துறையில் பெயர் பெற்றவர். ஆனால் அவர்களிடம் வந்தவை பெரும்பாலும் வேட்டைச் செல்வரின் நாய்களும் சீமாட்டிகளின் மடிநாய்களுமே. சேரியில் வாழ்ந்த நாய்க்கு அந்த வாயில் திறந்திருக்கவில்லை.

ஏழை நாய் வளர்க்கலாமா என்பதே அக்காலத்தில் ஒரு வழக்கு. 1796இல் ஜான் டெண்ட் என்னும் உறுப்பினர் பாராளுமன்றத்தில் நாய் வரி வேண்டுமென்று வாதாடினார். ஏழைகள் தம் பிள்ளைகளின் வாயிற் போடும் உணவை நாய்க்குப் போடுகின்றனர் என்பதே வரி கேட்டவர்களின் வாதங்களுள் ஒன்று. அவ்வாண்டே நாய் வரி வந்தது. டெண்டுக்கு "நாய் டெண்ட்" என்னும் பட்டப்பெயரும் வந்தது. பின்னர் 1867இல் நாயொன்றுக்கு ஐந்து ஷில்லிங் என்று உரிமக் கட்டணம் ஏற்பட்டது. 1878இல் அது ஏழரை ஷில்லிங்காக உயர்ந்தது. வேடிக்கை என்னவெனில், நாணய முறை மாறிய பின்னரும் அத்தொகை உயரவேயில்லை. 1987இல் அவ்வுரிமத்தை ஒழித்தபோது கட்டணம் வெறும் 37 காசு! வாங்கும் செலவே வசூலை விழுங்கிற்று.

"செலவு செய்ய வழியில்லாதவன் ஏன் நாய் வளர்க்க வேண்டும்?" என்று இன்று கேட்பவர்கள், இருநூறாண்டுக்கு முந்திய டெண்டின் குரலிலேயே பேசுகின்றனர். அதனை அவர்கள் அறியார்.

மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லை, நோயோ தீரவில்லை. அந்நிலையில் நாயின் கதி என்ன? இலண்டனில் அநாதை நாய்களுக்கென்று மேரி டீல்பி அம்மையார் 1860இல் ஓர் இல்லம் தொடங்கினார். அது 1871இல் பேட்டர்சீ பகுதிக்கு மாறி இன்றளவும் அப்பெயராலேயே புகழ் பெற்று விளங்குகிறது. அவ்வில்லத்தில் 1884இல் ஓர் அறை கட்டப்பட்டது. பெஞ்சமின் ரிச்சர்ட்சன் என்னும் மருத்துவ அறிஞர் வகுத்த முறைப்படி, நச்சுக்காற்றைச் செலுத்தி நாய்களை நோவின்றி உறங்க வைத்துக் கொல்லும் அறை அது. அதற்கு முன்னிருந்த கொலை முறைகளோடு ஒப்பிட்டால் அதில் இரக்கம் உண்டு; மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மருத்துவம் விலையேறிய இடத்திலெல்லாம் மரணம் மலிவாகவே கிடைத்தது. இன்றும் பணமில்லாமையால் ஊசியிட்டு உயிரை முடிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. விலங்கு மருத்துவர்கள் தம் தொழிலில் மிகவும் வருந்தும் செயலும் அதுவே.

நிலவறையில் ஒரு மருந்தகம்

இந்நிலையில்தான் மரியா டிக்கின் என்னும் அம்மையார் வருகிறார். 1870இல் இலண்டனில் பிறந்தவர். தந்தையார் கிறித்துவ சமயபோதகர். உடன்பிறந்தோர் எழுவருக்கு மூத்தவர். கணவர் கணக்காளர். பிள்ளைப் பேறு இல்லாத அவ்வம்மையார், இலண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்த ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று உதவி புரிந்து வந்தார். மனிதர்க்கு உதவச் சென்றவரின் கண்ணில் விலங்குகள் பட்டன. சொறி பிடித்த நாய்கள், கால் முறிந்த பூனைகள், புண்பட்ட முதுகோடு காய்கறி வண்டி இழுத்த கழுதைகள். அவற்றை வைத்திருந்தோர் கொடியவர் அல்லர். தம் குழந்தைக்கே மருத்துவர் கட்டணம் கொடுக்க வகையற்ற மக்கள் அவர்கள். இங்கிலாந்தில் எல்லார்க்கும் இலவச மருத்துவம் என்னும் ஏற்பாடு அப்போது கனவிலும் இல்லை.

அவ்வம்மையார் 1917ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் ஒயிட்சேப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் மருந்தகம் திறந்தார். "ஏழைகளின் நோயுற்ற பிராணிகளுக்கான மக்கள் மருந்தகம்" என்பது அதன் பெயர். எந்த விலங்கையும் கொண்டு வரலாம், எதற்கும் கட்டணமில்லை என்பதே வாயிலிற் தொங்கிய பலகையின் செய்தி. முதல் உலகப் போரின் நான்காம் ஆண்டு அது. நாட்டில் உணவுக்கே தட்டுப்பாடு. மனிதர் மடிந்துகொண்டிருக்கும் வேளையில் பூனைக்கு மருந்தகமா என்று ஏளனம் செய்தோர்க்குக் குறைவிருந்திராது. ஆனால் வாயிலில் கூடிய கூட்டமோ ஏளனத்துக்கு இடங் கொடுக்கவில்லை. தெருவை அடைத்து நின்ற மக்களை ஒழுங்குபடுத்தக் காவற்படையினர் வரவேண்டியதாயிற்று. சிறுவர்கள் கையில் முயலோடும் புறாவோடும் வந்தனர். கழுதைக்காரர்கள் தம் பிழைப்பையே கையிற் பிடித்துக்கொண்டு வந்தனர்.

1923ஆம் ஆண்டுக்குள் இத்தகைய மருந்தகங்கள் பதினாறு ஆயின. குதிரை இழுக்கும் வண்டியிலேயே மருந்தகம் அமைத்து ஊர் ஊராகச் செல்லும் முறையையும் அவ்வம்மையார் புகுத்தினார். 1920களின் பிற்பகுதியில் இல்ஃபோர்டு என்னுமிடத்தில் விலங்குகள் தங்கிச் சிகிச்சை பெறும் பெரிய இல்லமும் எழுந்தது.

இலவச விலங்கு மருத்துவத்தை முதன்முதல் எண்ணியவர் டிக்கின் அம்மையார்தாம் என்று சொல்லுதல் பொருந்தாது. 1897இல் தோன்றிய "வாயில்லா நண்பர்கள் சங்கம்" 1906இலேயே இலண்டன் விக்டோரியா பகுதியில் ஒரு விலங்கு மருத்துவமனை திறந்திருந்தது. நீலச் சிலுவை என்று பின்னாளில் பெயர் பெற்ற சங்கம் அதுவே. அதற்கு முன்னரே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஏழைகளின் விலங்குகளுக்கெனக் குறைந்த கட்டணப் பிரிவொன்றை நடத்திற்று. அம்மையாரின் புதுமை வேறிடத்தில் உள்ளது. ஏழை தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திராமல், ஏழை வாழும் தெருவுக்கே மருந்தகத்தைக் கொண்டு சென்றார்.

வழக்கு மூண்டது

மருந்தகம் வளர்ந்தது, பகையும் வளர்ந்தது. பகைத்தவர்கள் யார்? விலங்குகளை வெறுப்போர் அல்லர். விலங்குகளுக்கு மருந்து கொடுப்போரே பகைத்தனர்.

இதன் காரணத்தை ஊன்றி நோக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சங்கத்துக்கு 1844இலேயே அரச சாசனம் கிடைத்துவிட்டது. 1881இல் வந்த சட்டம், தேர்வு பெறாதார் எவரும் கால்நடை மருத்துவர் என்னும் பட்டத்தைச் சூடலாகாது என்று விதித்தது. ஆனால் அது பட்டத்தைக் காத்ததேயன்றித் தொழிலைக் காக்கவில்லை. பட்டத்தைச் சூடாமல் மருந்து கொடுப்பாரை அச்சட்டம் தடுக்கவில்லை. இந்த இடைவெளியிலேதான் டிக்கின் அம்மையாரின் சங்கம் நின்றது. பட்டம் பெற்ற மருத்துவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்த அதற்குப் பொருள் போதாது. ஆகவே தன் பணியாளர்களைத் தானே பயிற்றுவித்துக்கொண்டது.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. இலண்டன் தெருக்களில் மோட்டார் வண்டி வந்தது, குதிரை போயிற்று. குதிரையை நம்பிப் பிழைத்த மருத்துவர் இனி எதனை நம்பிப் பிழைப்பார்? நாயையும் பூனையையும் நோக்கித்தான் அவர் திரும்பவேண்டியிருந்தது. அவர் திரும்பிய அதே ஆண்டுகளில், அடுத்த தெருவில் நாய்க்கும் பூனைக்கும் இலவச மருத்துவம் நடந்துகொண்டிருந்தது! அரைகுறைப் பயிற்சியுடையோர் கையில் விலங்கை ஒப்படைப்பதும் ஒரு கொடுமையே என்றனர் மருத்துவர்கள். எங்களிடம் வருவோர் உங்களிடம் ஒருநாளும் வந்தவர்கள் அல்லரே என்பது சங்கத்தார் நிலை.

இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. நோயறிதல் எளிய கலையன்று. தவறான மருந்து உயிரைக் குடிக்கும். அதனை மறுப்பது அறியாமை. ஆனால் மருத்துவர்கள் கூறிய மாற்று வழி என்ன? "பயிற்சியில்லாதார் தொடலாகாது" என்று தடுத்த அவர்கள், கட்டணம் கொடுக்க இயலாதவன் எங்கே போவது என்பதற்கு நெடுநாள் விடை சொல்லவில்லை. நான் அம்மையாரின் பக்கமே சாய்கிறேன். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றை வைத்தவர் அவர்.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய மக்கள் தம் வளர்ப்புப் பிராணிகளைத் தாமே கொண்டுவந்து கொல்லக் கொடுத்தனர். அரசாங்கம் கட்டளையிடவில்லை. வெளியூருக்கு அனுப்புங்கள், இயலாவிடில் உயிரை முடிப்பதே இரக்கம் என்று ஓர் அறிவுரை மட்டும் வெளிவந்திருந்தது. இலண்டனில் முதல் வாரத்தில் 4 இலட்சம் நாய் பூனைகள் மாண்டன என்பது வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் கூறும் கணக்கு. நோய் தீர்க்க எழுந்த மருந்தகங்களின் முன்னேயும் அந்த வரிசை நின்றது. பின்னர் 1943இல் போரில் துணைபுரிந்த விலங்குகளுக்கென டிக்கின் பதக்கம் ஏற்பட்டது. அதனை முதலிற் பெற்றவை மூன்று புறாக்கள். பதக்கத்தால் அம்மையார் பெயர் உலகெங்கும் பரவிற்று. நிலவறையை நினைப்போர் குறைந்தனர்.

வழக்குக்குத் தீர்ப்பு 1948இல் வந்தது. புதிய கால்நடை மருத்துவர் சட்டம், பதிவு பெறாதார் விலங்குகளுக்கு மருத்துவம் செய்வதைத் தடுத்தது. பட்டம் மட்டுமன்றித் தொழிலும் காக்கப்பட்டது. மருத்துவர்களுக்கு வெற்றி எனலாம். எனினும் ஏழைகளின் விலங்குகளுக்கு மருத்துவம் செய்யும் அறச்சங்கங்களின் பணியாளர்க்கு, உரிமம் பெற்று நடக்கும் விலக்கொன்றைப் பாராளுமன்றம் அச்சட்டத்திலேயே வைத்தது. அதுவே அம்மையாரின் வெற்றி. அவர் 1951இல் காலமானார்.

அதே 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனில் மனிதர்க்கான தேசிய மருத்துவ சேவை தொடங்கிற்று என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று முதல் அந்நாட்டுக் குடும்பம் அறுவைச் சிகிச்சைக்கு என்ன செலவாகும் என்பதை மறந்தது. குழந்தைக்கு எலும்பு முறிந்தால் கட்டணச் சீட்டு வருவதில்லை; நாய்க்கு முறிந்தால் வருகிறது. மருத்துவத்தின் மெய்யான விலையை அவர்கள் காணும் ஒரே இடம் விலங்கு மருத்துவமனையாகிவிட்டது. மலேசிய வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அரசாங்க மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் கொடுத்து வெளிநோயாளியாக மருத்துவம் பெற்றுத் திரும்பும் நாம், பூனையைக் கொண்டுசென்ற அன்று சீட்டைப் பார்த்துத் திகைக்கிறோம். திகைப்புக்குப் பாதிக் காரணம் விலை; மறுபாதி, நமக்காக அவ்விலையை அரசாங்கம் கட்டிவருவதை நாம் உணராமை.

செலவைத் தாங்க வேறு வழிகளும் தோன்றின. அவற்றுள் ஒன்று காப்புறுதி. சுவீடன் நாட்டில் 1890இல் குதிரைக்கும் கால்நடைக்கும் தொடங்கிய காப்புறுதி, 1924இல் ஒரு நாய்க்கும் கிடைத்தது. இங்கிலாந்தில் அது 1947இலும் அமெரிக்காவில் 1982இலும் வந்தது. அமெரிக்காவில் முதற் சீட்டைப் பெற்றது லாசி என்னும் திரைப்பட நாய்! நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னரே கண்ட நோய்க்குக் காப்பில்லை. விலங்குக்கு வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். மாதச் சந்தா கட்ட இயலாதவனுக்கு அது பயன்படுவதுமில்லை. ஒயிட்சேப்பல் கழுதைக்காரன் காப்புறுதி எடுத்திருக்க மாட்டான்.

மற்றொரு வழி கல்லூரி மருத்துவமனை. மாணவர்க்குப் பாடம் வேண்டும். ஏழைக்கு மருத்துவம் வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின்கீழ் முடித்துவிடலாம். தமிழர்க்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு சென்னை வேப்பேரியில் உள்ளது. 1903இல் அங்கே தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆங்கிலேயர் ஆட்சியில் மாட்டையும் குதிரையையும் கருதியே எழுந்தது. இன்றோ அதன் மருத்துவமனையில் நாயோடும் பூனையோடும் வந்து சிறு கட்டணத்தில் மருத்துவம் பெறுவோர் ஏராளம். அதே நகரில் கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய அமைப்பு, நீலச் சிலுவை என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. கல்லூரி உள்ள ஊருக்கு இவ்வழி பெருந்துணை. கல்லூரி இல்லாத ஊர்களே உலகில் மிகுதி என்பதுதான் இடர்ப்பாடு.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். மருத்துவத்தின் திறம் உயர்ந்தது. மனிதர்க்குரிய ஊடுகதிர்க் கருவியும் காந்தப் படக் கருவியும் புற்றுநோய் மருந்தும் நாய்க்கும் வந்துவிட்டன. முன்னர்ச் சாக விடப்பட்ட நோய்கள் இன்று தீர்க்கத் தக்கவை. தீர்க்கத் தக்கவையாதலால் செலவும் உண்டு. இது குறைகூறத் தக்கதன்று. ஆனால் பிரிட்டனில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1999இல் விதி தளர்ந்து, கால்நடை மருத்துவர் அல்லாதாரும் விலங்கு மருத்துவமனைகளுக்கு உடைமையாளர் ஆகலாம் என்றாயிற்று. பெருநிறுவனங்கள் நுழைந்தன. 2013இல் பத்தில் ஒரு பங்காயிருந்த அவற்றின் பிடி, பத்தாண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்காயிற்று என்று அந்நாட்டுச் சந்தைப் போட்டி ஆணையம் கண்டது. பழைய மருத்துவரின் பெயர்ப்பலகை அப்படியே தொங்கும். உடைமை மட்டும் கைமாறியிருக்கும். இதனால் கட்டணம் எவ்வாறு ஏறுகிறது, மக்களுக்கு விலை முன்கூட்டித் தெரிகிறதா என்று அவ்வாணையம் 2023இல் ஆராயத் தொடங்கி, 2024 மே மாதம் முறையான விசாரணையில் இறங்கிற்று. 1881இலும் 1948இலும் சட்டம் கேட்ட வினா, விலங்கைத் தொடத் தகுதியுடையவர் யார் என்பது. மருத்துவமனையை உடைமையாக்கிக்கொள்ளத் தகுதியுடையவர் யார் என்பதை அன்று எவரும் வழக்காடவில்லை.

டிக்கின் அம்மையாரின் சங்கம் இன்றும் பிரிட்டனில் ஏறத்தாழ ஐம்பது விலங்கு மருத்துவமனைகளை நடத்துகிறது. அங்கே மருத்துவம் செய்வோர் இன்று பட்டமும் பதிவும் பெற்ற மருத்துவர்கள். பழைய வழக்கு அவ்வளவில் முடிந்தது. ஆனால் வாயிலில் தொங்கிய பலகை மாறிவிட்டது. எல்லாம் இலவசம் என்று அது இப்போது சொல்வதில்லை. வருவோர் அரசாங்க உதவித்தொகை பெறுபவரா என்றும், மருத்துவமனைக்கு உட்பட்ட வட்டாரத்தில் வாழ்பவரா என்றும் கேட்டறிந்து, ஒரு சாரார்க்கு இலவசமாகவும் மற்றொரு சாரார்க்குக் குறைந்த கட்டணத்திலும் மருத்துவம் செய்கின்றனர். அவ்விரு சாராரிலும் அடங்காதவர், உதவித்தொகை பெறும் அளவுக்கு ஏழையும் அல்லர், கட்டணத்தைத் தாங்கும் அளவுக்குச் செல்வரும் அல்லர். இன்று ஆணையத்தின் முன் சென்று முறையிட்டோருள் பலர் அத்தகையோரே.